ஐம்பது ஹெர்ட்ஸ் வீடு

வெங்கடேஸ்வரன் சார் எங்கள் வீட்டுச் சுவரில் மெழுகு தடவி, சட்டைப் பொத்தான் அளவிலான சென்சாரை ஒட்டினார். அதிலிருந்து ஒரு வயர் குட்டிப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து இன்னொன்று லேப்டாப்புக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் மிளகாய் மில். கொச்சி மட்டாஞ்சேரியில் இந்த இரண்டு சென்ட் வீட்டை வாங்கிய நாளிலிருந்து சுவர் அதிர்கிறது. வெடிப்பு இப்போது கூரை வரை ஏறிவிட்டது. பதினோரு மனு போட்ட பிறகுதான் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து சார் வந்திருக்கிறார்.

சுவர் நொடிக்கு முப்பது தடவைக்கு மேல் அதிர்ந்தால் மில்லை மூடுவார்களாம்.

சோதனைத் தேதியை மில் முதலாளிக்கு முன்கூட்டியே தெரிவிப்பது ஆபீஸ் மரியாதை. அன்றைக்கு மில் புது மருமகள் மாதிரி அடக்கமாக ஓடியது. திரையில் பதினெட்டு.

சுவரில் கை வைத்துப் பாருங்கள் என்று என் மனைவி பொன்மணி கெஞ்சினாள். கைக்கு சர்டிபிகேட் கிடையாது என்று சொல்லிவிட்டு, சார் முதலாளியோடு சாயா குடிக்கப் போனார். பெட்டிக்கு நான் காவல்.

திரும்பி வந்து பார்த்தால் ஐம்பது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அப்போதும் ஐம்பது. பொன்மணிக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சாரோடு திரும்பி வந்த முதலாளி போய் மெஷினை நிறுத்தினார். பல வருஷம் கழித்து எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்டது.

திரையில் ஐம்பது.

"மெஷின் நின்னாச்சு, பாண்டியராஜா. இப்பவும் அம்பதுதான் காட்டறது. ஆடறது உம்ம வீடாக்கும்," என்றார் சார், பாலக்காட்டுத் தமிழில்.

சாஃப்ட்வேர் பன்னிரண்டு பக்கத்துக்குக் கலர் அறிக்கை போட்டது. அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. வீடு தானாகவே அதிர்வதால் மில்லுக்கு ஆபத்து, பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்.

பொன்மணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். "நாசமாப் போற பெட்டி, இல்லாததெல்லாம் காட்டுது," என்றாள்.

நானும் சேர்ந்து திட்டினேன். வேறென்ன செய்ய?

தோப்பும்படிப் பட்டறையில் இருபது வருஷமாகப் படகு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன் நான். எதிலும் சேராத வயர், வீட்டுக் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கிற துடிப்பைத்தான் இழுத்துக் காட்டும். அது எனக்குத் தெரியும். மெஷினை நிறுத்திப் பார்ப்பார்கள் என்றுதான் நினைக்கவில்லை.

அவர்கள் சாயா குடிக்கப் போன நேரத்தில், பார்த்தால் தெரியாத அளவுக்கு சென்சார் வயரை உருவி வைத்தவன் நான்தான்.