மூன்று வருஷமாகப் போகாத படகு

கால்வாயையும் விலைக்கு வாங்கியிருந்த ரயில்வே கம்பெனியின் கால்வாய் அலுவலக வாசலில் கெசையா கணவன் ஏனோக்கை நிறுத்தினாள்.

"இந்தத் தடவையாவது அழுத்திச் சொல்லுய்யா. பர்மிங்காமுக்கு நிலக்கரி ஏத்துறதும் நம்ம படகுலதான், நாம குடியிருக்கிறதும் அதுலதான். கால்வாய் தூர்ந்துபோச்சுன்னா எங்க போறது?"

இருவரும் உள்ளே போனதும் எழுத்தர் பார்ஜெட்டர் நாற்காலி காட்டினார். பதினோரு வருடமாகப் புகார் சொல்ல வரும் ஏனோக்குக்கு அங்கே நாற்காலி கிடைத்தது அன்றுதான்.

"மதகுக் கதவு உளுத்துப்போச்சு ஐயா. இடுப்பளவு சேறு. கம்பெனிதானே பராமரிக்கணும்?"

"கம்பெனிதான், சந்தேகமே இல்ல. கடைசியா எப்ப படகு போச்சு?"

போன ஈஸ்டருக்கு, குதிரையோடு சேர்ந்து இவர்களும் கயிறு இழுத்துத்தான் படகைக் கொண்டுபோயிருந்தார்கள். ஏனோக் வாயைத் திறப்பதற்குள் கெசையா முந்திக்கொண்டாள்.

"மூணு வருஷமாச்சுங்க. ஒரு படகுகூடப் போகல."

பார்ஜெட்டர் அதை அப்படியே எழுதி, நிதானமாகப் படித்தும் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத ஏனோக் கீழே கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறி போட்டான்.

"தூர் வார எப்ப ஐயா வருவாங்க?"

"தூர் வாரவா?" பார்ஜெட்டர் மையை ஒற்றினார். "மூணு வருஷம் படகு போகாத கால்வாயை மூடிடலாம்னு சட்டம் இருக்கு. மூடிட்டா பராமரிப்பும் கிடையாது. படகுக்காரங்க வாக்குமூலம் ஒண்ணுதான் குறையா இருந்துச்சு."

"போன ஈஸ்டருக்குக்கூடப் போனோம் ஐயா," என்றான் ஏனோக்.

"அப்ப இந்தக் குறி யார் போட்டது?" என்று கேட்டுவிட்டு, பார்ஜெட்டர் காகிதத்தை மடித்து உறையில் போட்டார்.