கணக்கு மேசைக்கு வந்தவள்

"உன் மேசைக்கு ஒரு ஆள்கூட வரலை, எம்மெட். இப்படியே போனா மூடிட வேண்டியதுதான்."

மிஸஸ் ஹென்ஸ்லி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறவர் அவர். உள்ளதைச் சொன்னார்.

எம்மெட்டுக்கு இந்த வேலை போனால் வேறு வழியில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மலைப்பக்கத்திலிருந்து படிக்க வந்தவன். அரசாங்க மானியம் கல்லூரிக் கட்டணத்தோடு சரி. வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாமே இந்த வேலையில்தான். வேலை என்ன பெரிய வேலை, நூலகத்து மூலையில் ஒரு மேசை. கணக்கில் சந்தேகம் என்று வருகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

"வேற ஏதாவது குடுங்க மேடம். கேன்டீன்ல பாத்திரம்கூடக் கழுவுறேன்."

"கேன்டீன், ஜிம் எல்லாத்துக்கும் ஆள் எடுத்தாச்சுப்பா. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல என் கையில இல்லை."

ஆரம்பத்தில் யாரும் வராமல் இல்லை. எம்மெட்டுக்குக் கணக்கு நன்றாக வரும், வாய்தான் சரியில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டே வந்தவர்களை விரட்டியிருந்தான்.

மறுநாள் ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என் பேரு கொரீன். இந்த எக்ஸ் இருக்குல்ல, இது அந்தப் பக்கம் போனா எதுக்கு மைனஸ் ஆகுது?"

எம்மெட் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இது ஸ்கூல் கணக்கு."

"சரி, ஸ்கூல் பையனுக்குச் சொல்ற மாதிரியே சொல்லு."

சொன்னான்.

"புரியலை."

திரும்பவும் சொன்னான்.

"ம்ஹூம். கோவம் வந்தா நீ வேகமாப் பேசுற. மெதுவாச் சொல்லு."

பல்லைக் கடித்துக்கொண்டான். "தராசுன்னு வெச்சுக்கோ. ஒரு தட்டுல இருந்து கொஞ்சம் எடுத்தா, மறு தட்டுல இருந்தும் அவ்வளவு எடுக்கணும். இல்லேன்னா சாஞ்சிடும். எக்ஸ் எங்கயும் போகலை. ரெண்டு தட்டுல இருந்தும் அதை எடுக்குறோம், அவ்வளவுதான்."

"அட! இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

பக்கத்து மேசையில் இருந்த தடியன் ஒருவன் தலையைத் திருப்பினான். "ஏய், அந்தத் தராசுக் கதையை இன்னொரு வாட்டி சொல்லேன்."

அன்றிலிருந்து கொரீன் வந்துகொண்டே இருந்தாள். வருவாள், சத்தமாக ஏதாவது அசட்டுக் கேள்வி கேட்பாள். 'ஏன்?' என்பாள். 'அது எப்படி?' என்பாள். அவளுக்குப் புரியவைக்க எம்மெட் தலைகீழாக நின்றான். அவள் கேட்கிறாளே என்ற தைரியத்தில் மற்றவர்களும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்கள்.

"இப்படி ஒரு மண்டூகத்தை நான் பார்த்ததே இல்லைடா" என்று அறைத்தோழன் வெஸ்லியிடம் புலம்பினான்.

வெஸ்லி சிரித்தான். "நீதான்டா மண்டூகம். அந்தப் பொண்ணு உன்னைப் பாக்க வருது. கணக்காவது, மண்ணாவது!"

"சும்மா இருடா."

"சும்மா இருக்கேன். நீ எதுக்கு இன்னிக்கு சட்டையைத் தேய்ச்சுப் போட்டிருக்கே?"

இரண்டு நாள் யோசித்தான். ஒரு பெண்ணை ஏமாற்றுவது பாவம் என்று தோன்றியது. மேசையில் மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து ஆரம்பித்தான்.

"கொரீன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஊர்ல எனக்குன்னு ஒரு பொண்ணு காத்திருக்கா."

கொரீன் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், நூலகர் எழுந்து வந்து அதட்டுகிற அளவுக்குச் சிரிப்பு.

"நல்லா இருங்க ரெண்டு பேரும். இப்ப இந்தக் கணக்கைச் சொல்லு."

மாசக் கடைசியில் மேசையைச் சுற்றி நாற்காலி போதவில்லை. எம்மெட்டின் வாயும் எப்படியோ அடங்கியிருந்தது. 'இதுகூடத் தெரியாதா' என்று அவன் யாரையும் கேட்பதில்லை.

கொரீன் மட்டும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

நாம் சொன்னது அவள் மனதைப் புண்படுத்திவிட்டதோ என்று அவனுக்கு உறுத்தியது. பரீட்சையில் கோட்டை விட்டாளோ என்றும் பயம்.

மிஸஸ் ஹென்ஸ்லி கூப்பிட்டு அனுப்பினார்.

"பரவாயில்லையே எம்மெட்! அடுத்த பருவத்துக்கும் உனக்கு அந்த மேசைதான். நிம்மதியாப் படி."

"தேங்க்ஸ் மேடம்." கிளம்பாமல் தயங்கி நின்றான். "இன்னொரு விஷயம். கொரீன்னு ஒரு பொண்ணு வந்துட்டிருந்தா. கணக்குல ரொம்ப மோசம். எக்ஸை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னுகூடத் தெரியலை. அவளுக்குத் தனியா யாரையாவது வெச்சுச் சொல்லிக்கொடுக்க முடியுமா? பாவமா இருக்கு."

மிஸஸ் ஹென்ஸ்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தக் கொரீன்? கொரீன் ஸ்லோனா?"

"ஆமா மேடம்."

"எக்ஸ் தெரியாதுன்னா சொன்னா? கணக்குல இந்தக் காலேஜுக்கே முதல் ஆள் அவதானேப்பா!"

"அப்ப... எதுக்கு மேடம் என்கிட்ட வந்தா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்.

"போன வருஷம் அந்த மேசையில உக்காந்திருந்தது அவதான். யாருமே வரலைன்னு நான்தான் மூடினேன். கையில காசில்லாம ஒரு பருவம் படிப்பை விட்டுட்டு, டயர் கடையில வேலைக்குப் போனா."