பாதிக் கதவு

"நெத்தியில நாலு தையல்! இதுக்குத்தான் உங்களை நம்பி பிள்ளைய விட்டுட்டுப் போனேனா?"

அடிபட்ட பெண்ணின் அம்மா போட்ட கூச்சலில் விடுதி அலுவலக அறையே அதிர்ந்தது. வார்டன் திரும்பி ஆயாம்மாவை முறைத்தார். ஆயாம்மா புடவைத் தலைப்பைத் திருகியபடி சுவரோரம் நின்றாள்.

பார்வையற்ற பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அந்தப் பள்ளியில் ஒரு சட்டத்துக்கு மட்டும் விலக்கே கிடையாது. கதவு என்றால் சுவரோடு ஒட்டத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுசாகச் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு, பிள்ளைகள் நீட்டிக்கொண்டு வரும் இரண்டு கைகளுக்கும் நடுவே புகுந்து மண்டையைப் பிளந்துவிடும்.

காலையில் முகம் கழுவக் கிளம்பிய, வாயாடி என்று பேரெடுத்த அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் பிளந்தது. ரத்தம் வழிந்தபோதுகூட அவள் பட்டப்பெயரைக் காப்பாற்றினாள். "தையல் போடுவாங்களா ஆயாம்மா? கண்டிப்பா போடுவாங்களா?" என்று ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நச்சரித்தாள். பயந்துவிட்டது பாவம் என்று ஆயாம்மா அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ராத்திரி நான் கதவை நல்லா சாத்திட்டுத்தான் போனேன் மேடம். என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"போன மாசம் அதே ரூம்ல ஒருத்திக்குப் புருவம் கிழிஞ்சுதே, அப்பவும் இதே சத்தியம்தான் பண்ணீங்க" என்றார் வார்டன்.

"இந்தப் பொம்பள இங்க இருக்கிற வரைக்கும் நான் சும்மா விடமாட்டேன். மேலிடத்துக்குப் போவேன்!" என்று அம்மா மேஜையைத் தட்டினாள்.

புருஷன் போன பிறகு ஆயாம்மாவுக்கு வீடும் சொந்தமும் இந்த விடுதிதான். என் பிள்ளைங்க என்று அவள் சொன்னதும் இங்கே இருக்கும் பிள்ளைகளைத்தான். வேலை போனால் ஒண்ட ஓர் இடம் கிடையாது.

வாயாடி மட்டும் இந்தக் களேபரம் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அம்மாவின் மடியில் சாய்ந்து, வளையல்களை மேலும் கீழும் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். ஆயாம்மாவுக்காக அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. அம்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஆயாம்மாவை, பொழுது சாயும் முன் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சிறுமி உள்ளே வந்தாள். வாயாடியின் அறையிலேயே பொடிசு அவள்தான். எல்லோரும் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள்.

"நெசமாவே போறீங்களா ஆயாம்மா?"

"போகச் சொல்லிட்டாங்கடி தங்கம். கதவ நான்தான் பாதியில விட்டேனாம்."

சுண்டெலி உதட்டைக் கடித்தாள். "நீங்க விடல. நான்தான் தொறந்து, ஆடாம பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

ஆயாம்மா பெட்டியைத் தள்ளிவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி! அவ மேல உனக்கு என்னடி அவ்வளவு கோவம்?"

"கோவம்லாம் இல்ல. அவதான் பிடிக்கச் சொன்னா. ஓடி வந்து அவளேதான் மோதிக்கிட்டா."

"ஏண்டி?"

"லீவு விட்டாலும் வீட்டுலேர்ந்து யாரும் வரமாட்டேங்கறாங்க. காய்ச்சல்னு சொன்னாலும் வரமாட்டேங்கறாங்க. தையல் போட்டா மட்டும் உடனே வந்துடறாங்கல்ல?"

பெற்றவர்களை நினைத்து ஆயாம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது, அழுகையும் வந்தது. நடுவில், தன் பிழைப்புக்கு வழி பிறந்துவிட்டது என்ற எண்ணமும் ஓடியது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாலும், எழுந்து சுண்டெலியின் கையைப் பற்றினாள்.

"வா தங்கம். இத மேடம்கிட்ட ஒரு தடவ சொல்லிடு. என்னைய இங்கயே வச்சுக்குவாங்க."

சுண்டெலி கையை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"சொல்லமாட்டேன் ஆயாம்மா. இன்னும் என் முறை வரல."