இடது பின்சக்கரம்

இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. நெப்ராஸ்காவில் நெடுஞ்சாலை ஓரமாக மண்டியிட்டு, வெடித்த டயரைக் கழற்றியதிலிருந்து அப்படித்தான்.

இரண்டு வருடத்தில் இது மூன்றாவது.

எங்களுக்கு வீடு என்று இருப்பது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் இந்த டிரெய்லர் ஒன்றுதான். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இதற்குள்தான். குளிருக்கு அரிசோனா, இலையுதிர ஆரம்பித்தால் வடக்கு டக்கோட்டாவில் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் அறுவடை. வேலை இருக்கிற பக்கம் வீட்டை இழுத்துக்கொண்டு போகிற கூட்டம் நாங்கள்.

இந்தத் தடவை டயர் சும்மா வெடிக்கவில்லை. கிழிந்த ரப்பர் சாட்டை மாதிரிச் சுழன்று தரைப்பலகையைப் பிளந்து, கேஸ் குழாயையும் வளைத்துவிட்டது. இன்னொன்று வெடித்தால் எங்களுக்கு வீடு கிடையாது.

நான் எதில் குறை வைத்தேன்? காலையில், வெயில் படுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பார்த்தேன். நிறுத்திய இடத்திலெல்லாம் டயருக்கு உறை போட்டேன். டயரின் மேல்பட்டன் தேயாமலே இருந்தாலும் வயதாகிவிட்டது என்று மாற்றினேன். மணிக்கு அறுபது மைலுக்கு மேல் ஓட்டவிடவில்லை. லாரிகளுக்கான எடைமேடையில் ஏற்றிக்கூடப் பார்த்தோம். மொத்த எடை சரியாகத்தான் இருந்தது.

டயர் விற்றவனை அவன் கடை வாசலிலேயே நின்று திட்டினேன். மிச்சத்தை வழியெல்லாம் என் புருஷன் ஆர்லன் வாங்கிக்கொண்டான். அவன் ஓட்டுகிற லட்சணம்தான் காரணம் என்று கிழித்தேன்.

அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தான்.

அறுவடை முகாமில் மெர்ல் இருந்தான். வருடா வருடம் வருகிறவன். தட்டையான தராசுப் பலகைகள் வைத்திருக்கிறான். ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒன்றை வைத்துத் தனித்தனியாக எடை பார்ப்பான். கூலி ஒரு பீர்.

குனிந்து பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"மொத்தம் சரிதான் லவோன். பீரோவ நாலு பேர் தூக்குறப்ப மூணு பேர் சும்மா கைய மட்டும் வெச்சிட்டு நடந்தா, நாலாவது ஆளு என்ன ஆவான்? இடது பின்சக்கரம்தான் அந்த ஆளு. உள்ள என்னத்த வளக்குற, காட்டெருமையவா?"

வெடித்த மூன்றுமே இடது பின்சக்கரம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இடதுபக்கச் சாமானை எல்லாம் வெளியே வீச ஆரம்பித்தேன். இரும்புச் சட்டிகள், தையல் மெஷின், ஜாடியில் போட்டு வைத்த பீச் பழங்கள். ஆர்லன் கால்சட்டைப் பையில் கைவிட்டபடி நின்றான். மெர்ல் திரும்பவும் எடை பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

மிச்சம் இருந்தது சாப்பாட்டு மேசையின் பெஞ்சு. சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பது. அதற்கடியில் ஆர்லன் பலகை வைத்து மூடிய பெட்டி ஒன்று உண்டு. பழைய வெல்டிங் மெஷின் என்று சொல்லியிருந்தான்.

"அத விடு. நாளைக்கு நானே எடுக்குறேன்."

"நாள் பாத்து எடுக்க அது என்ன சொத்தைப் பல்லா, கிழவா? நீ கடைசியா எப்ப வெல்டிங் வெச்ச?"

திருப்புளியோடு உள்ளே போனேன். அவன் என் பின்னால் வரவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பலகை கழன்றது. உள்ளே கம்பளி சுற்றி எதுவோ இருந்தது. விலக்கினேன்.

சாம்பல் நிறக் கிரானைட். மெருகேற்றிய முகப்பில் எங்கள் மகனின் பெயர். ட்ராவிஸ். பிறந்த தேதி, செத்த தேதி.

கல்லறைக் கல் தயாரான வாரம், அப்போது நான் வேலை பார்த்த கிடங்கில் எனக்கு லீவு கொடுக்கவில்லை. அவனைப் புதைத்த கான்சாஸுக்கு ஆர்லன் தனியாகத்தான் கல்லை ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்து, கல்லை நட்டாயிற்று, சுற்றிலும் புல் நன்றாக வந்திருக்கிறது என்றான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமாகப் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் வேறு பாதை சொன்னான்.

இரண்டு வருடமாகக் கண்ணை மூடினால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் புல்லைத்தான்.

வெளியே வந்தேன். கையில் திருப்புளி அப்படியே இருந்தது. நல்லவேளை, மெர்ல் நடுவில் நின்றான்.

"குழி வெட்டுறவனுங்க இறக்கிட்டானுங்க," என்றான் ஆர்லன், தரையைப் பார்த்தபடி. "நான்தான் திரும்ப ஏத்தச் சொன்னேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான். சொன்னால் பாவமாகிவிடும். எனக்கு அவனைப் பாவம் பார்க்கிற உத்தேசம் இல்லை.

பக்கத்து டிரெய்லர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கல்லை இறக்கினோம். மெர்ல் மறுபடி பலகைகளைப் பார்த்தான். சக்கரம் நான்கும் ஏறக்குறைய ஒரே எடை காட்டின. இனி வெடிக்காது என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, பீரை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டான்.

கல் வெளியே, பீச் ஜாடிகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆர்லன் அதன்மேல் கம்பளியை மூடப் போனான். நான் பிடுங்கி எறிந்தேன். அறுவடை முடிகிறவரை கிடக்கட்டும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவன் பார்த்துக்கொண்டே போகட்டும்.

பிறகு கான்சாஸ். இந்தத் தடவை ஓட்டப்போவது நான்.

புது டயர் மாட்டியாயிற்று. பிளந்த தரையை ஆர்லன் நாளைக்கு அடைப்பான். ட்ராவிஸுக்கு நாங்கள் நடவேண்டிய கல் இன்னும் பாக்கி.