வெளியே போகாத பேச்சு

"நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

சுப்பம்மா இதைக் கத்திக்கூடக் கேட்கவில்லை. போன சனிக்கிழமைவரை "ஏனுங்க மேடம்" என்று கூப்பிட்டவள், இன்று உட்காராமல் நின்றபடியே கேட்டாள். அவளுக்குப் பின்னால் பால்வாடி வாசலை அடைத்துக்கொண்டு எஸ்டேட் லைன் வீட்டு ஜனமே நின்றது.

கோகிலவாணி மேஜைக்கு அந்தப் பக்கம் தலைகுனிந்து நின்றாள்.

தேயிலை விலை அடிமட்டத்துக்கு விழுந்திருந்த சமயம் அது. கிளென்மார்கன் பக்கத்து அந்த எஸ்டேட்டில் அடுத்தடுத்து இரண்டு பேர் தூக்கு மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் ஊட்டித் தொண்டு நிறுவனம் ஒன்று மனநல ஆலோசகரான கோகிலவாணியைச் சனிக்கிழமைதோறும் அங்கிருந்த பால்வாடிக்கு அனுப்பியது. ஆரம்பத்தில் ஒதுங்கிப் போன ஜனங்கள், பிறகு ஒவ்வொருவராக வந்து மனசைக் கொட்டினார்கள்.

போன வாரம் சுப்பம்மா கொட்டியது பயத்தை. ஃபேக்டரி மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டு, எஸ்டேட்டை இழுத்து மூடப் பார்த்தார் முதலாளி. வியாழக்கிழமை காலை லாரியை மறிப்பதென்று தொழிலாளர் கமிட்டியில் ஐந்து பேர் ரகசியமாக முடிவு செய்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவள் புருஷன் வெள்ளியங்கிரி.

"சக்கரத்துக்கு முன்னால படுத்துக்குவேங்கறாருங்க மேடம். சொன்னா செய்யற மனுசன். எனக்குக் கண்ணைக் கட்டி உட்ட மாதிரி இருக்குங்க."

ஆனால் புதன்கிழமையே போலீஸ் வந்துவிட்டது. வெள்ளியங்கிரி உட்பட நாலு பேரை லைனிலேயே பிடித்து ஜீப்பில் ஏற்றியது. அந்த ஐந்து பேரில் மிஞ்சியது பொன்ராஜ் மட்டும்தான். காய்ச்சலென்று அன்றைக்குக் கூடலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். மறுநாள் லாரி யார் தடையும் இல்லாமல் கேட்டைத் தாண்டிப் போனது.

"பெத்த தாய்கிட்டக்கூட நான் மூச்சு விடலை. உங்கிட்ட ஒருத்திகிட்டதான் சொன்னேன்" என்றாள் சுப்பம்மா.



உண்மையில் கோகிலவாணி ஒருவரிடம் சொல்லியிருந்தாள். ஓர் உயிர் போய்விடுமோ என்று தவித்து, தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த டாக்டர் ராஜரத்தினத்திடம் யோசனை கேட்டிருந்தாள். ஆட்களின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பேச்சுவாக்கில் எஸ்டேட்டும் லாரியும் வந்துவிட்டன. "யார்கிட்டயும் போகாதே. அந்தம்மாவை வச்சே அவங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிப் பாரு" என்றார் அவர்.

அவரும் எஸ்டேட் மானேஜரும் ஒரே கிளப்பில் சீட்டாடுகிறவர்கள் என்பது நேற்றுத்தான் அவளுக்குத் தெரிந்தது. உடனே போன் செய்து நேராகவே கேட்டாள். "என்னை நீ புரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதானா?" என்று போனை வைத்துவிட்டார். அது அவளுக்கு நடிப்பாகவே பட்டது. அப்பாவுக்கு மேலாக நினைத்திருந்த மனிதர் கழுத்தறுத்துவிட்டார் என்று ராத்திரியெல்லாம் நெஞ்சு எரிந்தது.

"தப்பு என்மேலதாங்க. நான் ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள் கோகிலவாணி.

சுப்பம்மா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"அப்ப, எம் புருசனைப் புடிச்சுக் குடுத்தது நாந்தானா?"

பக்கத்தில் இருந்த பெண்கள்கூட அவளை விட்டு ஓரடி விலகி நின்றதை கோகிலவாணி பார்த்தாள். யாரோ வெளியிலிருந்து வீசிய சேறு கோகிலவாணியின் தோளில் வந்து அப்பியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்ராஜ் உள்ளே வந்தான். காய்ச்சலில் கிடந்த முகம் இன்னும் தெளியவில்லை. "பொம்பளைப் புள்ளை மேல வீரத்தைக் காட்டாதீங்க. போயி ஜாமீனுக்கு வழி பாருங்க" என்று அதட்டினான். முணுமுணுத்தபடி கூட்டம் கலைந்தது. சுப்பம்மாவைத் தூக்கிவிட யாரும் முன்வரவில்லை. தானாகவே எழுந்து, தனியாக நடந்து போனாள்.

பொன்ராஜ் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கும் தூக்கம் வர்றதில்லீங்க மேடம். உங்ககிட்ட பேசோணும்."

அத்தனை பேருக்கு முன்னால் தனக்காக நின்ற ஒரே மனிதன். கோகிலவாணிக்குக் கண் கலங்கியது. "இதுக்கப்புறமும் என்னை நம்புறீங்களா பொன்ராஜ்?"

"நம்பித்தானுங்க வந்தேன். நான் சொல்றது வெளிய போகாதுங்களே?"

"போகாது. ஒரு தடவை பட்டது போதும். இனிமே என் சீனியர்கிட்டகூட வாயைத் திறக்க மாட்டேன்."

"போலீஸ் கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

"சுப்பம்மாக்கா கேட்டா?"

"அவங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். என்னை நம்பிச் சொல்லுங்க."

பொன்ராஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னான்:

"மானேஜர்கிட்ட சொன்னது நாந்தானுங்க மேடம்."