நேர் எதிர் அறை

ஏஜென்ட் கப்பலின் வரைபடத்தை மேசைமேல் விரிக்கிறார். பால்கனி அறைகள் நீலக் கட்டங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறைகள் சாம்பல். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்க, கணவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன் ஓரத்தில் வைக்கிறார். அவர் விரல் சாம்பலைத் தாண்டவில்லை. அவள் கண்ணோ ஒரு நீலக் கட்டத்தை விட்டு நகரவில்லை. போன வாரம் இதே மேசையில் அவளுடைய ஓரகத்தி பதிவு செய்துவிட்டுப் போன அறை அது. இதே கப்பல், இதே பதினான்கு நாள். "பால்கனியில உக்காந்துதான்க்கா காபியே" என்று போனில் கேட்ட குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "இத எடுத்துக்குங்கம்மா," என்று ஏஜென்ட் ஒரு சாம்பல் கட்டத்தைப் பென்சிலால் தொடுகிறார். "அவங்களுக்கு நேர் எதிர் ரூம். அவங்க கதவத் திறந்தா உங்களுக்கும் கடல் தெரியும்." கணவர் முகம் மலர்கிறது. "தம்பி பால்கனி நம்ம பால்கனி மாதிரிதானே." அவள் கண்ணாடிக் கூட்டை எடுத்து அவர் கையில் கொடுக்கிறாள். தாளின் மறுகோடியில், கடைசிச் சாம்பல் கட்டத்தில் விரலை ஊன்றுகிறாள்.

"இது காலியா?"

"அது என்ஜின் பக்கம்மா. நாள் முழுக்க உறுமும்."

"உறுமட்டும். அவ கதவு திறக்கிற சத்தம் கேக்காதுல்ல?"