கடைசிப் பூவரசு

எங்கள் தெருப் பூவரசுதான் ராயபுரத்தின் கடைசி மரம். அதன் கிளையை வெட்டிப் புதிய போத்து ஊன்ற வேண்டுமானால், தெருவில் ஒருவர் இறக்க வேண்டும். அவருடைய தண்ணீர்ப் பங்கு போத்துக்குப் போகும். நாங்களே கைதூக்கி ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

இன்று காலை மரக்குழு ரெஜினா அக்கா தொட்டியோடு வந்தார். அதில் ஊன்றியிருந்த போத்தில் என் கணவர் தணிகாசலத்தின் பெயரட்டை தொங்கியது.

"இன்னும் மூச்சு இருக்குக்கா" என்றேன்.

அக்காவின் முகம் தொங்கிப்போனது. "நேத்து நீ அழுத சத்தம் கேட்டுச்சும்மா. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக் கிளைய வெட்டிட்டோம்."

கட்டிலில் கிடந்த கணவர் போத்தையே பார்த்தார். நான் வாயருகே பிடித்திருந்த இன்றைய பங்கான ஒரே டம்ளர் தண்ணீரை விலக்கினார்.

"வாடுது பாரு. அதுக்கு ஊத்து."

நான் அசையவில்லை. ரெஜினா அக்கா தொட்டியை நீட்டினார்.